கேட்டால் சொல்வதற்கு: அன்றாட வாழ்க்கையில் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பகிரவும், அதற்காகப் பேசவும் ஒரு வழிகாட்டி

அலுவலகத்தில் ஆயுத பூஜை. பொரி, கடலை, சுண்டல் என்று தட்டு கைமாறி வருகிறது. உங்கள் மேஜைக்கு வந்ததும் கொடுப்பவர் கொஞ்சம் தயங்குகிறார். "சார், நீங்க எடுத்துப்பீங்களா? உங்களுக்கு ஆகாதுல்ல?" என்கிறார். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இந்த மாதிரி நேரத்துக்கு நாம் பெரும்பாலும் தயாராக இருப்பதில்லை. அசட்டுச் சிரிப்போடு வாங்கி டிராயரில் வைத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு "நாங்க இதெல்லாம் சாப்பிட மாட்டோம்" என்று சொல்லிவிடுகிறோம். பிறகு வீட்டுக்கு வந்து, "அப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறோம்.

இந்த வழிகாட்டி மேடைப் பேச்சாளர்களுக்கு இல்லை. சபையில் பிறந்து வளர்ந்து, வேலை, வீடு, தெரு என்று மற்ற எல்லாரோடும் கலந்து வாழ்கிறவர்களுக்கு. நானும் அப்படி ஒருவன்தான். கீழே "செய்யாதீர்கள்" என்று வருகிறவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1 பேதுரு 3:15. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." இதில் "உத்தரவு" என்றால் பழைய தமிழில் பதில். கிரேக்கத்தில் அந்தச் சொல் "அப்போலொகியா", அதாவது விசாரணையில் ஒருவர் தன் தரப்பைச் சொல்வது. இன்றைய தமிழில் உத்தரவு என்றால் ஆணை. நம்மில் பலர் இன்றைய அர்த்தத்தையே பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சொல் "கேட்கிற". யாரோ கேட்பார்கள் என்று பேதுரு எடுத்துக்கொள்கிறார். இந்தக் கடிதம் போனது பொந்து, பித்தினியா முதலிய நாடுகளில், இன்றைய துருக்கியில், சிதறிக் கிடந்த சிறு கூட்டங்களுக்கு. அவர்களிடம் அதிகாரமும் இல்லை, கூட்டமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இருந்தும் கேள்வி வரும், பதிலோடு இருங்கள் என்கிறார். ஆகவே நம் வேலை மூன்று: கேட்கத் தோன்றும்படி இருப்பது, கேட்டால் புரியும்படி சொல்வது, கேட்காதபோது சும்மா இருப்பது. மூன்றாவதுதான் நமக்குக் கஷ்டம்.

முதல் படி: உங்கள் சொந்தப் பதிலை எழுதிப் பாருங்கள்

"நீங்க ஏன் கிறிஸ்டியன்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? "எங்க தாத்தா காலத்துலயே மாறிட்டாங்க" என்பது உண்மையான பதில்தான். ஆனால் அது உங்கள் தாத்தாவின் பதில்.

ஒரு தாளில் மூன்று பத்தி எழுதுங்கள். இயேசுவை நான் எப்படி அறிந்தேன், எந்தக் கட்டத்தில் அது என் சொந்த நம்பிக்கையானது, அதனால் இன்று என் வாழ்க்கையில் எது வேறு மாதிரி இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மனைவியோ கணவரோ சிரித்தால், சிரித்த இடத்தை அடித்துவிடுங்கள், அங்கேதான் மிகைப்படுத்தியிருப்பீர்கள்.

சபைகளில் சாட்சி சொல்வதற்கு ஒரு அச்சு இருக்கிறது. குடித்தேன், அடித்தேன், கடன்பட்டேன், ஒரு நாள் கூட்டத்துக்குப் போனேன், எல்லாம் மாறியது. சிலருக்கு அது நிஜமாகவே நடந்திருக்கிறது. ஞாயிறு பள்ளியில் வளர்ந்து பெரிய தப்பு எதுவும் செய்யாதவர்கள் இந்த அச்சைப் பார்த்து, "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று ஒதுங்குகிறார்கள். ஒதுங்க வேண்டாம். "அப்பா செத்தப்போ எனக்குப் பயம் வரல, அதுக்குக் காரணம் இது" என்பதும் சாட்சிதான். "பத்து வருஷமா பேசாத அண்ணன்கிட்ட நானே போய்ப் பேசினேன், மன்னிக்கணும்னு தோணிச்சு" என்பதும்தான்.

யோவான் 9இல் வரும் பிறவிக் குருடரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரிசேயர்கள் சுற்றி நின்று இறையியல் கேள்விகளாகக் கேட்கிறார்கள். அவர் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறார். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்."

ஒரு எச்சரிக்கை. சாட்சியில் வியாதி சுகமான கதை இருந்தால் மருத்துவர் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மாத்திரையை நிறுத்தினேன், ஜெபித்தேன்" என்ற வரியை யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். கேட்கிறவர் வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பார். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஜெபிக்கத் தெரிந்த அந்த அம்மா ஆஸ்பத்திரியும் கட்டினார்.

இரண்டாம் படி: சர்ச் தமிழைக் கழற்றி வையுங்கள்

நமக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. பழைய வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்தும் பாட்டுகளிலிருந்தும் வந்தது, அழகானது, வீட்டுக்குள் பேச இனிமையானது. வெளியே அதே சொற்களுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

"பரிசுத்த ஆவி எனக்குள்ள இருக்கார்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால், அவர் மனதில் வருவது பேய். "விசுவாசம்" என்றால் வெளியே நாய்க்கு எஜமான் மேல் இருப்பது. "ஊழியம்" என்றால் அரசு ஊழியர். "அபிஷேகம்" என்றால் பாலும் சந்தனமும். "பாவி" என்றால் திட்டு. "பாவம்" என்றாலோ இரக்கம்! "எல்லாரும் பாவிகள்" என்று நீங்கள் ஆரம்பித்தால், உங்களுக்காகப் பசியோடு காத்திருந்து டிபன் பாக்ஸ் திறந்த மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்?

சொற்களை மாற்றுங்கள், விஷயத்தை மாற்ற வேண்டாம். பாவம் என்பதற்குப் பதில், "செய்யக் கூடாதுன்னு தெரிஞ்சும் செய்யறோமே, யாரும் சொல்லித்தராமலே அது நமக்குள்ள இருக்கே" என்று தொடங்கலாம். கிருபைக்கு, "நான் சம்பாதிக்காதது, திருப்பிக் கட்ட முடியாதது, ஆனாலும் கிடைச்சது". இரட்சிப்புக்கு "மீட்பு" என்ற சொல் நன்றாகப் புரியும்; நகையை மீட்கத் தெரியாதவர் யார்? கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் தூய ஆவி, மீட்பு, நற்செய்தி என்றே வருகிறது. வெளி ஆட்களோடு படிக்க அந்தத் தமிழ்தான் வசதி. பழைய மொழிபெயர்ப்பின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் புரிகிறது, எனக்கும் உண்டு. அதை வீட்டு ஜெபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கேட்கத் தோன்றும்படி இருங்கள்

இதை நீட்ட வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கொடுங்கள். பயணப்படி பில்லில் கை வைக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைக்காதீர்கள். கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுப்பதோடு நிற்காமல், பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் நாற்காலி தூக்கிப் போடுங்கள், டீ போட்டுக் கொடுங்கள். அந்த வீட்டில் போய்ப் பிரசங்கம் மட்டும் வேண்டாம். உபவாச ஜெபம் என்று ராத்திரி இரண்டு மணிவரை ஒலிபெருக்கி வைக்கும் சபை தெருவில் இருந்தால், அந்தத் தெருக் கிறிஸ்தவர்களிடம் யாரும் நல்ல மனதோடு எதையும் கேட்க மாட்டார்கள். போதகரிடம் சொல்லி ஒலியைக் குறையுங்கள். இதுவும் விசுவாசத்துக்காகப் பேசுவதுதான்.

நான்காம் படி: கேள்விக்குப் பின்னால் இருப்பதைக் கேளுங்கள்

ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று காரணத்துக்காகக் கேட்பார்கள். "கடவுள் இருந்தா ஏன் இவ்வளவு கஷ்டம்?" என்பது கல்லூரி மாணவர் வாயில் வாதம். போன மாதம் குழந்தையை இழந்த அம்மா வாயில் அது அழுகை. அழுகைக்கு வாதத்தால் பதில் சொன்னால் அது கொடுமை.

அதனால் பதில் சொல்லும் முன் ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள். "ஏன்ணே, திடீர்னு இது?" இவ்வளவு போதும். பாதி நேரம் அடுத்த பத்து நிமிடம் அவரே பேசுவார், நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தாலே போதும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

வம்புக்குக் கேட்பவரும் உண்டு. அவருக்கும் ஒரு தடவை மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். இரண்டாம் தடவை, "இதுல நமக்குள்ள கருத்து வேறதான், டீ சாப்பிடலாமா?" என்று முடித்துவிடலாம்.

ஐந்தாம் படி: அடிக்கடி வரும் கேள்விகளுக்கு வீட்டுப்பாடம் செய்யுங்கள்

"இது வெள்ளைக்காரன் மதம்தானே?" தமிழ்நாட்டில் முதலில் வருவது இதுதான். கோபப்படாமல் வரலாறு சொல்லுங்கள். கிறிஸ்தவம் பிறந்தது மேற்கு ஆசியாவில். அப்போஸ்தலன் தோமா கி.பி. 52இல் கேரளக் கரைக்கு வந்தார், மயிலாப்பூரில் இறந்தார் என்பது மரபு; சென்னையின் பரங்கிமலையும் சாந்தோமும் அந்த நினைவைச் சுமக்கின்றன. மரபை மரபு என்றே சொல்லுங்கள், நிரூபித்த வரலாறு போலப் பேசாதீர்கள். நிரூபிக்க வேறு சான்று இருக்கிறது: கொல்லத்தில் இருந்த ஒரு பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, உரிமைகள் வழங்கி 849இல் வட்டெழுத்தில் பொறித்த தரிசாப்பள்ளிச் செப்பேடு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. இடையில் அறுநூற்றைம்பது வருஷம்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் ஒத்துக்கொள்ளுங்கள். போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் ஆண்ட காலத்தில் ஆட்சியும் சபையும் ஒட்டி உறவாடியது உண்மை. ஆனால் 1706இல், டேனிஷ்காரர் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தெருத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்ததும், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும், அங்கேயே டேனிஷ் தளபதி அவரைச் சிறையில் போட்டதும் இதே வரலாறுதான். வைணவராகப் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு கம்பனின் மொழியில் கிறிஸ்துவைப் பாடினார். அவரை வெள்ளைக்காரர் என்று யார் சொல்வது?

"பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மாறினவங்கதானே?" இது வலிக்கும். பதில் சொல்லும் முன் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் மட்டுமே. ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் அந்த இடஒதுக்கீட்டை இழக்கிறார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். சலுகைக்காக மாறுகிறவர் இப்படியா மாறுவார்? உதவி பெற்று மாறியவர்களே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். பஞ்ச காலங்களில் சோறு போட்ட கையை நம்பி வந்தவர்கள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகச் சாணார் பெண்கள் போராடி, 1859இல் அதைப் பெற்றபோது, மானத்துக்காக வந்தவர்களும் இருந்தார்கள். மானத்தைத் தேடி ஒருவர் கடவுளிடம் வருவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"உங்க சபையிலயும் சாதி இருக்கே?" இருக்கிறது. முழுசாக ஒத்துக்கொள்ளுங்கள். தனிக் கல்லறை, தனி வரிசை, கல்யாண விளம்பரத்தில் "கிறிஸ்தவ" என்பதோடு ஒட்டிய சாதிப் பெயர், சபைத் தேர்தலில் சாதிக் கணக்கு. "சில இடத்துல இருக்கு, ஆனா..." என்று இழுத்தால் கேட்கிறவர் சிரித்துவிடுவார், சிரிக்கத்தான் வேண்டும். "இருக்கு, அது சுவிசேஷத்துக்கு விரோதம், நாங்க தோத்த இடம் அது" என்று நேராகச் சொல்லிவிட்டு, உங்கள் பையனுக்குப் பெண் பார்க்கும்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை யோசியுங்கள். இந்தக் கேள்விக்கு நிஜப் பதில் அங்கேதான் இருக்கிறது.

"பைபிளைத் திருத்திட்டாங்களாமே?" இதற்குப் படித்துவைக்க வேண்டும். புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. யோவான் 18இன் சில வரிகள் உள்ள ஏ.டி.எம். கார்டு அளவுத் துண்டு ஒன்று மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ளது. பொதுவாக இரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். பிரதிகளுக்குள் வேறுபாடுகள் உண்டு. மாற்கு 16:9-20உம், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. இதை யாரோ யூடியூபில் சொல்லி உங்கள் பிள்ளை அதிர்ச்சி அடைவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறுபாடு எங்கே என்று தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் ஒப்பிட்டுப் பார்க்க இத்தனை பிரதிகள் இருப்பதுதான்.

"கி.பி. 325இல் நைசியா மாநாட்டில் ஓட்டுப் போட்டு இயேசுவைக் கடவுளாக்கினார்கள்" என்பதும் அடிக்கடி வரும். நைசியாவில் கூடியது, இயேசு பிதாவால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையைப் பற்றி முடிவு செய்ய. வேதாகம நூல்களைப் பொறுக்கி எடுக்க அல்ல. அதற்கு இருநூறு வருஷம் முன்பே, சுமார் 112இல், பித்தினியா ஆளுநர் பிளினி ரோமப் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று புகார் சொல்கிறார். பேதுரு கடிதம் எழுதினாரே, அதே பித்தினியா.

"செத்தவர் எப்படி எழுந்தார்?" கிறிஸ்தவம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். இயேசு பிலாத்துவின் காலத்தில் கொல்லப்பட்டார் என்பதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் குறிப்பிடுகிறார். அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து வருஷத்துக்குள் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, உயிர்த்த இயேசுவை ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே வேளையில் பார்த்தார்கள், அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்பது போன்ற பேச்சு அது. நான்கு சுவிசேஷங்களிலும் கல்லறை காலியாக இருந்ததை முதலில் பார்த்தவர்கள் பெண்கள். பெண்கள் சாட்சிக்கு மதிப்புக் குறைந்த அந்தக் காலத்தில் கதை கட்டுகிறவர் அப்படிக் கட்டியிருக்க மாட்டார். இதெல்லாம் சேர்ந்து கணக்குப் பாடம் மாதிரி நிரூபணம் ஆகிவிடாது. நம்புவதற்கு நியாயம் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் வாதத்தை இழுக்காதீர்கள்.

"எல்லா மதமும் ஒண்ணுதானே? எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகுது." இது பெரும்பாலும் அன்பாகச் சொல்வது. சண்டை வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். அந்த அன்பை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக, "ஒண்ணுன்னு சொன்னா ஒவ்வொருத்தரும் நிஜமா என்ன நம்பறாங்கன்னு கேக்காமலே விட்டுடறோம்ண்ணே. நீங்க மறுபிறவியை நம்பறீங்க, நான் இல்ல. ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா உங்களையும் மதிக்கல, என்னையும் மதிக்கல" என்று சொல்லலாம். "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்றது இயேசு, நாம் இல்லை. அதை அவர் சொன்னதாகவே சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யார் நரகத்துக்குப் போவார் என்ற பட்டியல் நம் கையில் இல்லை. "எங்க பாட்டி நரகத்துலயா இருக்காங்க?" என்று கேட்டால், "உங்க பாட்டியை நியாயமா பாக்கத் தெரிஞ்சவர் கடவுள்தான், நான் இல்ல" என்பதே என் பதில்.

முஸ்லிம் நண்பர்களோடு பேச்சு வேறு மாதிரி போகும். குர்ஆனில் ஈஸா நபிக்கு உயர்ந்த இடம் உண்டு, மர்யம் பெயரிலேயே ஒரு அத்தியாயம் உண்டு. ஆனால் அவர் சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதையும் தேவகுமாரன் என்பதையும் குர்ஆன் மறுக்கிறது. "தேவகுமாரன்" என்றதும் அவர்கள் மனதில் கணவன், மனைவி, பிள்ளை என்ற படம் வருகிறது. அதை நாமும்தான் மறுக்கிறோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். திரித்துவத்துக்குத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உதாரணத்தை எடுக்காதீர்கள். ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்திருப்பார்கள், ஆனால் ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்று ஆகிவிடும். சபெல்லியுஸின் பெயரில் சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்ட போதனை அது. உதாரணம் இல்லாமல், இயேசு பிதாவிடம் ஜெபித்தார், ஆவியானவரை அனுப்புவேன் என்றார், ஆனாலும் தேவன் ஒருவரே என்றார் என்று சுவிசேஷத்தில் உள்ளபடியே சொல்வது நல்லது.

விஞ்ஞானக் கேள்விகளுக்கு இரண்டு வரி. ஆதியாகமத்தின் ஆறு நாளை எப்படி வாசிப்பது என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு 1927இல் அடித்தளம் போட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு.

கடைசியாகத் துன்பம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்த பக்தர்களும் அதில் உண்டு. ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று அப்போது நம்மில் சிலர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம். கடற்கரையில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? துன்பத்துக்குக் காரணம் சொல்லும் வேதவசனம் என்னிடம் இல்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற வசனம் இருக்கிறது. நான் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆறாம் படி: பொரி கடலைக்கு ஒரு முடிவெடுங்கள்

முதலில் சொன்ன தட்டுக்கு வருவோம். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் சபைகள் ஒரே மாதிரி இல்லை, ஒரு வீட்டுக்குள்ளேயே மாமியாரும் மருமகளும் ஒத்துப்போவதில்லை. பவுல் 1 கொரிந்தியர் 8இலும் 10இலும் இதையேதான் பேசுகிறார்: விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தெரிந்தவனுக்குச் சாப்பாடு சாப்பாடுதான், ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லி, அதனால் இன்னொருவரின் மனசாட்சி இடறினால் தவிர்த்துவிடு.

எந்தப் பக்கம் நிற்பது என்பதைத் தட்டு வரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வாங்கிக்கொள்கிறவர் என்றால் சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுங்கள், டிராயரில் ஒளிக்காதீர்கள். மாட்டேன் என்பவர் என்றால், "படைச்சதுன்னா நான் சாப்பிடறது இல்ல, என் பழக்கம் அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க. வாங்க, டீ நான் வாங்கித் தரேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். "சாத்தானுக்குப் படைத்தது" என்ற சொல் வாயில் வரவே கூடாது. எபேசுவில் பவுலின் கூட்டாளிகள் மேல் கலகம் கிளம்பியபோது அவர்களைக் காப்பாற்றியது ஒரு நகர அதிகாரி. இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று அந்த வெளியாள் சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). நம்மைப் பற்றி அலுவலகத்தில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

ஏழாம் படி: கைப்பேசி

வாட்ஸ்அப்பில் சாட்சி சொல்ல வேண்டுமானால் முதலில் பார்வேர்டை நிறுத்துங்கள். யோசுவாவின் காணாமல் போன நாளை நாசா கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தது என்பது வெறும் கட்டுக்கதை. நோவாவின் பேழை கிடைத்துவிட்டது என்ற வீடியோவும் அப்படியே. பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் என்பது வேதமே இல்லை. ஒரு பொய்யை அனுப்பியவர் மறுநாள் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னால் அதையும் அதே பட்டியலில்தான் சேர்ப்பார்கள். குடியிருப்போர் குழுவில் தினமும் காலை வசனம் போடுவதும் வேண்டாம். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பார்க்கத்தான் அதைத் திறக்கிறார்கள். கமெண்டில் சண்டை வந்தால், ஒரே ஒரு பதில். அதற்கு மேல் தேவையென்றால் போன் செய்து பேசுங்கள்.

எட்டாம் படி: சட்டமும் எல்லையும்

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மாற்றும் உரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் கைவிடப்பட்டது. ஒடிசா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கிறவர்கள் உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிற மதத்தை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 299ஆம் பிரிவின்படி குற்றம்.

சட்டம் கேட்காத சில எல்லைகளையும் நானே போட்டுக்கொண்டிருக்கிறேன். பணம் கொடுத்த நாளில் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் நானாக ஆரம்பிப்பதில்லை. அவருக்கு "வேண்டாம் சார்" என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவரிடம், "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்பேன், இல்லை என்றால் பழத்தை வைத்துவிட்டு வருவேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் அவர்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் ஒன்றும் சொல்வதில்லை.

ஒன்பதாம் படி: ஆர்வம் காட்டினால் சேர்ந்து படியுங்கள்

எல்லாக் கேள்வியும் முடிந்து ஒருவர், "உங்க பைபிள்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்கும் நாள் வரலாம். உடனே சபைக்கு அழைக்காதீர்கள். முழு வேதாகமத்தையும் கையில் கொடுக்காதீர்கள். ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். மாற்கு சுவிசேஷம் மட்டும் தனிப் பிரதியாகக் கிடைக்கும். பதினாறே அதிகாரம், வேகமாக நகரும், தமிழ் சினிமா மாதிரி காட்சிக்குக் காட்சி ஓடும்.

வாரம் ஒரு நாள், அரை மணி நேரம். அவர் சத்தமாகப் படிக்கட்டும். மூன்றே கேள்வி: இதில் என்ன நடக்கிறது, இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், எது இடிக்கிறது. மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் அதிகம் போகும். கதரேனர் நாட்டில் பன்றிக் கூட்டம் கடலில் பாய்ந்து மாளும் இடத்தில் நிச்சயம் நிறுத்துவார்கள், "அந்தப் பன்னிக்காரன் என்ன பாவம் பண்ணான்?" என்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரம் படித்துவிட்டு வருகிறேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பாதியில் போதும் என்றால் போதும்தான். மறுநாள் காலை வழக்கம்போல் அவரோடு பஸ் ஸ்டாப்பில் நின்று கிரிக்கெட் பேச முடிகிறதா என்று பாருங்கள். சபையில் யாராவது, "எத்தனை ஆத்துமா ஆதாயம்?" என்று கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தொடர்கிறார் என்றால், முதல் வாரத்துக்கு மாற்கு 1:1-20 போதும். அதற்கு மேல் போனால் காபி ஆறிவிடும்.